புட்டிங் என்பது இனிப்பின் பெயர் இல்லை

போன வருடம் என் சித்தி மகன் திருநெல்வேலியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் பக்கம். ஒரு நாள் காலையில் கடைத்தெருவில் ஒரு சின்ன ஓட்டலுக்குப் போய் ஆளுக்கொரு காலைச் சாப்பாடு சொன்னோம். முட்டை, வறுத்த தக்காளி, காளான், பீன்ஸ், அவற்றுக்கு நடுவில் கருகருவென்று இரண்டு வில்லை. மெனு அட்டையை எடுத்துப் பார்த்தவன் கேட்டான்: "அண்ணே, பிளாக் புட்டிங்னு போட்டிருக்கே. காலையிலேயே ஸ்வீட்டா?"

"ஸ்வீட் இல்லடா. ரத்தம்" என்றேன்.

முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். வீட்டில் சித்தி ரத்தப் பொரியல் செய்தால் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன் அவன். அவனைத் தடுத்தது ரத்தம் இல்லை, அந்தப் பெயர். புட்டிங் என்றால் பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்து கிண்ணத்தில் ஆடுகிற ஒன்று என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. அந்த இடத்தில் ரத்தத்தை வைத்துப் பார்த்தால் யாருக்கும் குமட்டத்தான் செய்யும்.

பிரிட்டிஷ் பாரம்பரியச் சாப்பாட்டைப் பற்றி வரும் காணொளிகள் பலவும் இந்தக் குழப்பத்தை வைத்தே ஓடுகின்றன. ஒரு வாய் வைப்பது, முகம் சுளிப்பது, "எப்படித்தான் சாப்பிடுகிறார்களோ" என்று முடிப்பது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அந்தச் சாப்பாடுகளில் பெரும்பகுதி, கையில் கிடைத்ததில் எதையும் வீணாக்க முடியாத வீடுகளில் பிறந்தவை. புட்டிங் என்ற ஒரே சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டால் அவற்றில் பாதிக்கு மேல் தானாகப் புரிந்துவிடும்.

பொரியல் என்றால் எந்தக் காய்?

தமிழ் தெரியாத ஒருவர் வந்து, "பொரியல் என்றால் எந்தக் காய்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீன்ஸிலும் பொரியல் உண்டு, வாழைக்காயிலும் உண்டு, முட்டையிலும் உண்டு, ரத்தத்திலும் உண்டு. பொரியல் என்பது பக்குவத்தின் பெயர். அவியல், வறுவல், துவையல் எல்லாமே அப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல முன்னால் இன்னொரு சொல் வேண்டும்.

புட்டிங் என்பதும் பழைய வழக்கில் அந்த வகைச் சொல்தான். ஒரு கலவையை ஓர் உறைக்குள் அடைத்து, வாயைக் கட்டி, வெந்நீரிலோ ஆவியிலோ வேகவைத்து எடுப்பது புட்டிங். உள்ளே ரத்தம் இருக்கலாம், பட்டாணிப் பருப்பு இருக்கலாம், திராட்சையும் சர்க்கரையும் இருக்கலாம். இனிப்பு, உப்பு என்பதெல்லாம் பின்னால் வரும் கேள்வி.

இடைக்கால ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இருந்த பொருள் இன்னும் நேரடியானது: பன்றியின் அல்லது ஆட்டின் குடலில் கலவையை அடைத்துச் செய்த பண்டம். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ரத்தம் அடைத்த குடலை 'பூதான்' என்கிறார்கள். இரண்டு சொற்களுக்கும் உறவு உண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அப்படிப் பார்த்தால் என் தம்பியின் தட்டில் இருந்த கறுப்பு வில்லைதான் பெயருக்கு உரிய மூத்த பிள்ளை. கேரமல் புட்டிங் வெகு காலம் கழித்து வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

குடலிலிருந்து துணிக்கு, துணியிலிருந்து கிண்ணத்துக்கு

குடலைச் சுத்தம் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்று நம் வீடுகளில் குடல் குழம்பு வைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பிப் போட்டு, உப்பும் மஞ்சளும் தேய்த்து, வாடை போகும்வரை அலச வேண்டும். இங்கும் அதே பாடுதான். அதோடு இன்னொரு கட்டாயமும் இருந்தது. மிருகத்தை அறுத்தால்தான் குடல் கிடைக்கும். குளிர்காலத்தில் தீவனம் போதாது என்பதால் நவம்பரில்தான் நிறைய அறுப்பார்கள். தொடையும் விலாவும் உப்புக்குப் போய் மாதக்கணக்கில் நிற்கும். ரத்தம், ஈரல், நுரையீரல் எல்லாம் மறுநாள்கூடத் தாங்காது. அறுத்த அன்றே அவற்றைச் சேர்த்து அடைத்து வேகவைத்ததுதான் குடல் புட்டிங்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடலுக்குப் பதிலாகத் துணி வந்தது. கலவையைத் துணியில் மூட்டையாகக் கட்டிக் கொதிநீரில் போடுவது. கேட்பதற்குச் சின்ன மாற்றம்தான், ஆனால் வீட்டின் சமையலையே அது மாற்றிப்போட்டது. இனிமேல் அறுப்பு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். மாவு, கொழுப்பு, உலர்ந்த திராட்சை, ஒரு துண்டுத் துணி இருந்தால் எந்த நாளும் புட்டிங் நாள்.

அன்றைய சாதாரண வீட்டில் ஓர் அடுப்பு, ஒரு பெரிய பானை, அவ்வளவுதான். ரொட்டி சுடும் அடுப்பு ஊர் ரொட்டிக்காரரிடமோ வசதியான வீட்டிலோதான் இருக்கும். எரிகிற ஒரே பானையில் உப்புக்கறி வேகும், கிழங்கு வேகும், அதே தண்ணீரில் துணி மூட்டையும் மிதக்கும். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது என்பதால் மூட்டை கருகாது, அடிப்பிடிக்காது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும், வயலுக்குப் போய்விட்டு வரலாம். மிஸோன் என்ற பிரெஞ்சுப் பயணி 1698-இல் வெளியான தன் குறிப்புகளில் இந்தப் பண்டத்தைக் கொண்டாடியிருக்கிறார். அடுப்பில் சுடுகிறார்கள், இறைச்சியோடு வேகவைக்கிறார்கள், ஐம்பது விதமாகச் செய்கிறார்கள், இதைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதுகிறார். சாப்பாட்டைப் பற்றி ஒரு பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்தை இப்படி வாழ்த்தியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

19ஆம் நூற்றாண்டில் பீங்கான் கிண்ணம் துணியின் இடத்தைப் பிடித்தது. கலவையைக் கிண்ணத்தில் நிரப்பி, மேலே தாளும் துணியும் போட்டுக் கட்டி, ஆவியில் வைப்பது. இன்று கடையில் கிடைக்கும் கிறிஸ்துமஸ் புட்டிங் அரை உருண்டையாக இருப்பது அந்தக் கிண்ணத்தின் உருவம். பழைய வாழ்த்து அட்டைகளில் வரைந்த புட்டிங் பீரங்கிக் குண்டு மாதிரி முழு உருண்டையாக இருக்கும். அது துணியின் உருவம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: புட்டிங் என்பது உறையில் அடைத்து வேகவைக்கும் முறை. உறை முதலில் குடல், பிறகு துணி, பிறகு கிண்ணம். இனி உறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ரத்தம் இரண்டு விதமாக இறுகும்

பிளாக் புட்டிங்கில் இருப்பவை பன்றி ரத்தம், கொழுப்புத் துண்டுகள், ஓட்ஸ் அல்லது பார்லி, வெங்காயம், மிளகு. லங்காஷயரில் பென்னிராயல் என்ற புதினா இனத்து மூலிகையும் சேர்ப்பார்கள். தண்ணீராக இருக்கும் ரத்தம் வில்லை போடும் அளவுக்கு எப்படிக் கெட்டியாகிறது?

நம் ஊர்க் கறிக்கடையில் ஆட்டை அறுத்ததும் ரத்தத்தைப் பாத்திரத்தில் பிடித்து வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே கட்டியாகிவிடும். ரத்தத்தில் ஃபைப்ரின் என்ற நுண்ணிய நார்கள் உருவாகி வலை பின்னுவதுதான் காரணம். கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்பதும் இதே வலையால்தான். அந்தக் கட்டியை வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டுக் கிளறினால் ரத்தப் பொரியல்.

இங்கே வேறு வழி. ரத்தம் பாத்திரத்தில் விழும்போதே விடாமல் கிளறுவார்கள். நார்கள் வலையாகும் முன்பே கரண்டியில் சுற்றிக்கொண்டு வந்துவிடும், மிச்ச ரத்தம் தண்ணீராகவே நிற்கும். அப்படி நின்றால்தான் தானியத்தோடு கலக்க முடியும், உறைக்குள் ஊற்ற முடியும். ஒரே பொருள், ஆரம்பத்திலேயே கிளறுவதா விடுவதா என்ற ஒரு முடிவில் இரண்டு சமையல்களாகப் பிரிந்துபோகிறது. (இப்போது தொழிற்சாலைகள் பலவும் உலர்த்திய ரத்தப் பொடியைத்தான் பயன்படுத்துகின்றன. அதில் இந்தக் கிளறலே கிடையாது.)

இரண்டாவது இறுகல் சூட்டில் நடப்பது. முட்டையின் வெள்ளைக்கரு வாணலியில் விழுந்ததும் வெளுத்துக் கெட்டியாகிறது அல்லவா? வெள்ளைக்கருவில் இருப்பது புரதம். சுருண்டு கிடக்கும் புரதம் சூட்டில் விரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தண்ணீரைச் சிறைப்பிடித்துக்கொள்கிறது. ரத்தத்திலும் அதே வகைப் புரதங்கள் இருக்கின்றன, அதே வேலையைச் செய்கின்றன. சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் சூட்டில் உருக்குலைந்து கரும்பழுப்பாக மாறுகிறது. கறுப்பு வருவது அதனால்தான், கருகியதால் இல்லை.

தானியம் மிச்ச ஈரத்தைக் குடித்து உப்பும். வேகவைக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடமாட்டார்கள், விட்டால் உறை வெடித்துவிடும்.

கடையிலிருந்து வாங்கும் பிளாக் புட்டிங் இப்படி முன்பே வெந்தது. வில்லை போட்டு வாணலியில் இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாக வாட்டினால் போதும். எங்கள் பக்கத்தில் பரி (Bury) என்ற ஊரின் சந்தையில் அதையும் செய்வதில்லை. குதிரை லாடம் மாதிரி வளைத்துக் கட்டியதை வெந்நீரிலிருந்து அப்படியே எடுத்து, நீளவாக்கில் கீறி, உள்ளே கடுகு விழுதைத் தடவிக் கையில் கொடுப்பார்கள். கீறலிலிருந்து மிளகு வாசனையோடு ஆவி எழும்பும். நின்றுகொண்டே சாப்பிடுவது. குளிர்காலக் காலையில் அதற்கு ஈடில்லை.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவே என்ற ஊரின் பிளாக் புட்டிங்குக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மதுரை மல்லிக்கும் அதே ஆண்டில்தான் கிடைத்தது.

புட்டிங் குலத்தின் தலைவன்

ஸ்காட்லாந்தின் ஹேகிஸ் என்றால் ஆட்டு வயிற்றுக்குள் குப்பையை அடைப்பது என்று பேசுகிறவர்கள் உண்டு. உள்ளே போவது ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல். மூன்றையும் முதலில் வேகவைத்துப் பொடியாகக் கொத்தி, வறுத்த ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, நிறைய மிளகு சேர்த்து ஆட்டின் இரைப்பையில் அடைத்து மறுபடி வேகவைப்பார்கள். இங்கே ஓட்ஸ் என்பது நாம் காலையில் கஞ்சி வைக்கும் தட்டையான அவல் மாதிரி ஓட்ஸ் இல்லை. கோதுமை ரவை மாதிரி உடைத்தது. அதனால்தான் ஹேகிஸ் கூழாகாமல் உதிரியாக இருக்கிறது. முதல் வாயில் எனக்கு ஞாபகம் வந்தது கொத்துக்கறி. மிளகுக் காரம் தூக்கலாக, கொஞ்சம் ஈரல் வாசனையோடு.

அடைக்கும்போது உறையை முழுக்க நிரப்பக் கூடாது. ஓட்ஸ் தண்ணீர் குடித்து வீங்கும், இடம் இல்லாவிட்டால் பை கிழியும். இன்று பல கடைகளில் இரைப்பைக்குப் பதில் செயற்கை உறை வந்துவிட்டது. பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கும், மஞ்சள் நிறத்தில் மசித்த ஒரு வகைக் கிழங்கும் வைப்பது வழக்கம்.

ராபர்ட் பர்ன்ஸ் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் 1786-இல் ஹேகிஸை விளித்து ஒரு கவிதை எழுதினார். அதில் அவர் ஹேகிஸை அழைப்பது 'புட்டிங் குலத்தின் பெருந்தலைவனே' என்றுதான். 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக்காரருக்குப் புட்டிங் என்றதும் முதலில் நினைவுக்கு வந்தது அடைத்த வயிறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. அவர் பிறந்த நாளான ஜனவரி 25 அன்று இரவு இன்றும் அந்தக் கவிதையைச் சொல்லி, உரிய வரி வரும்போது கத்தியால் ஹேகிஸைக் கீறுகிறார்கள். அமெரிக்கா 1971-இல் கால்நடை நுரையீரலை மனித உணவில் சேர்க்கத் தடை விதித்தது, அதனால் அசல் ஹேகிஸ் அங்கே போக முடியாமல் போனது. அங்குள்ளவர்கள் இதைப் பற்றி வினோதமாகப் பேசுவதற்கு ஒரு காரணம், பலர் சாப்பிட்டதே இல்லை என்பதுதான்.

சூயெட்: எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கொழுப்பு

பிரிட்டிஷ் புட்டிங் எதை எடுத்தாலும் சூயெட் என்ற சொல் வந்துவிடும். மாட்டின் அல்லது ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றி வெள்ளையாக, உதிரும்படி கெட்டியாக இருக்கும் கொழுப்புதான் சூயெட்.

ஆட்டுக்கறிக் குழம்பு ஆறிப்போனால் மேலே வெள்ளையாக ஏடு கட்டும், உதட்டில் மெழுகு மாதிரி ஒட்டும். கோழிக் குழம்பில் அந்த அளவுக்கு இருக்காது. எல்லாக் கொழுப்பும் ஒரே சூட்டில் உருகுவதில்லை என்பதே காரணம். வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும், வாயில் போட்டாலே கரையும். சூயெட் உருக ஏறக்குறைய 45 முதல் 50 டிகிரி வேண்டும்.

இந்தப் பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசத்தில்தான் சூயெட் புட்டிங்கின் ரகசியம் இருக்கிறது. மாவில் வெண்ணெயைக் கலந்து ஆவியில் வைத்தால், மாவு பிடிக்கத் தொடங்கும் முன்பே வெண்ணெய் உருகி ஊறிவிடும். சூயெட் துருவல் தாமதமாக உருகும். அதற்குள் சுற்றியிருக்கும் மாவு தன் உருவத்தைப் பிடிக்க ஆரம்பித்திருக்கும். பிறகு துருவல் உருகி மாவுக்குள் இறங்கும்போது அது இருந்த இடத்தில் சின்னச் சின்னப் பொந்துகள் மிஞ்சும். அவற்றில் ஆவி நிறைந்து மாவு பஞ்சு மாதிரி ஆகிறது.

ஸ்டேக் அண்டு கிட்னி புட்டிங் இப்படிச் செய்த மாவைக் கிண்ணத்தில் அப்பி, உள்ளே மாட்டிறைச்சியும் சிறுநீரகமும் குழம்புமாக நிரப்பி, மேலேயும் மாவால் மூடி மணிக்கணக்கில் ஆவியில் வைப்பது. சசெக்ஸ் பாண்ட் புட்டிங்கில் இறைச்சிக்குப் பதில் வெண்ணெய், சர்க்கரை, நடுவில் ஒரு முழு எலுமிச்சம்பழம், தோலோடு. வெட்டினால் உள்ளே இருப்பது குளம் மாதிரி தட்டில் பரவும், பெயரும் அதனால்தான். ஒரே மாவு, ஒரே கிண்ணம், ஒன்று சாப்பாடு, இன்னொன்று இனிப்பு.

இதனால்தான் சூயெட் புட்டிங்கைச் சூடாகவே சாப்பிட வேண்டும். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. ஆறிய சூயெட்டை உருக்க வாயின் சூடு போதாது, அண்ணத்தில் படிந்துகொள்ளும். ஆறியதைச் சாப்பிட்டுவிட்டு "கொழகொழவென்று இருக்கிறது" என்று முடிவு கட்டுவது, ஆறிய பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டுப் பரோட்டாவையே குறை சொல்வது மாதிரி.

மான்செஸ்டரில் 1893-இல் அட்டோரா என்ற பெயரில் துருவிய சூயெட் பெட்டியில் வந்தது, இன்றும் கிடைக்கிறது. மாட்டுக்கொழுப்பு வேண்டாம் என்பவர்களுக்குத் தாவரக் கொழுப்பில் செய்த சூயெட்டும் உண்டு. நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: கிறிஸ்துமஸ் சமயத்தில் கிடைக்கும் மின்ஸ் பை பழங்கள் நிறைந்த இனிப்புப் பண்டம்தான், ஆனால் அதன் பூரணத்தில் பழைய முறைப்படி மாட்டு சூயெட் இருக்கும். இப்போது பலவற்றில் தாவர சூயெட் போடுகிறார்கள். அட்டையைப் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

ஆக, ரத்தத்தை இறுக்குவது புரதம், ஈரத்தைக் குடிப்பது தானியமும் மாவும், பொந்து விட்டு மிருதுவாக்குவது சூயெட். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டால் அநேகமாக எந்தப் பழைய புட்டிங்கையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

துணிக்குள் தண்ணீர் ஏன் புகவில்லை?

என் பக்கத்து வீட்டு அம்மா ஸ்காட்லாந்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். அவர் க்ளூட்டி டம்ப்ளிங் செய்வதைக் கூட நின்று பார்த்திருக்கிறேன். க்ளூட் என்றால் அவர்கள் பேச்சில் துணி. வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றைக் கொதிநீரில் முக்கி, இடுக்கியால் எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் பிழிந்து மேசையில் விரித்தார். அந்த ஈரத் துணிமேல் மைதாவைத் தூவி உள்ளங்கையால் பரப்பினார். மேலே மாவு, சூயெட், திராட்சை, மசாலா சேர்த்த உருண்டை. நான்கு மூலையையும் சேர்த்துக் கட்டினார், ஆனால் இறுக்கிக் கட்டவில்லை. "அதற்கு மூச்சு விட இடம் வேண்டும்" என்றார். பானையின் அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் மூட்டையை இறக்கினார்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் கொதிநீரில் கிடந்த மூட்டைக்குள் தண்ணீர் புகுந்து குழைந்திருக்க வேண்டும். அவிழ்த்தால் பளபளவென்று ஒரு தோல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தூவிய மாவு செய்த வேலை அது. மாவில் உள்ள மாவுச்சத்து சூடான ஈரத்தில் பசையாகும். போஸ்டர் ஒட்டக் காய்ச்சும் பசையை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை கொதிநீரில் விழுந்ததும் துணியின் உட்புறம் இருக்கும் மாவு பசையாகி ஓட்டைகளை அடைத்துவிடுகிறது. பிறகு கணப்புக்குப் பக்கத்தில் வைத்து உலர்த்தினால் அந்தப் பசை தோலாகிறது. தோல் இல்லாத க்ளூட்டியை அந்த அம்மா க்ளூட்டி என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்.

வடகிழக்கு இங்கிலாந்தின் பீஸ் புட்டிங்கும் துணிக்காரன்தான். மஞ்சள் பட்டாணிப் பருப்பைத் துணியில் கட்டி, பன்றித் தொடை வேகும் தண்ணீரிலேயே போட்டு எடுத்து மசிப்பது. கெட்டியான பருப்புக் கடைசல்தான், தாளிப்பு மட்டும் இல்லை. நம் நாக்குக்கு உடனே பிடிக்கும்.

கிறிஸ்துமஸ் புட்டிங் இந்தக் குடும்பத்தின் செல்வந்தர். பிளம் புட்டிங் என்பது பழைய பெயர், ஆனால் அதில் பிளம் பழம் கிடையாது. உலர்ந்த திராட்சையையும் அந்தக் காலத்தில் பிளம் என்பார்கள். ஒரு மாதத்துக்கு முன்பே செய்து வைத்தாலும் கெடாததற்குக் காரணம், நிறைந்திருக்கும் சர்க்கரையும் திராட்சையும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கிருமிக்கு விடாமல் தடுப்பது. பிராந்தியும் துணை. 1927-இல் பேரரசு வணிக வாரியம் அரச சமையல்காரரின் குறிப்பு என்று ஒன்றைப் பரப்பியது. ஒவ்வொரு பொருளும் பேரரசின் எந்த நாட்டிலிருந்து வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். லவங்கப்பட்டைக்கு நேரே இந்தியா அல்லது இலங்கை, கிராம்புக்கு சான்சிபார். ஆங்கிலேயக் குடும்பத்தின் பண்டிகைப் பண்டம் யாருடைய தோட்டங்களிலிருந்து வந்தது என்பதை அந்தப் பட்டியல் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

உறையே இல்லாத யார்க்‌ஷயர்

இத்தனையும் படித்துவிட்டு, "அப்படியானால் யார்க்‌ஷயர் புட்டிங்குக்கு உறை எங்கே?" என்று கேட்டால் சரியான கேள்வி. உறை கிடையாது. மைதா, முட்டை, பால் கலந்த மாவை, கம்பியில் சுழன்று வேகும் இறைச்சிக்கு அடியில் வைத்த தட்டில் ஊற்றுவார்கள். சொட்டும் கொழுப்பில் அது வேகும். முதலில் சொட்டுப் புட்டிங் என்றே பெயர். 1747-இல் வெளியான ஹானா கிளாஸின் சமையல் புத்தகத்தில் யார்க்‌ஷயர் பெயரோடு வருகிறது. அதற்குள் புட்டிங் என்ற சொல் மாவுப் பண்டம் எதற்கும் பொருந்தும் அளவுக்கு விரிந்துவிட்டது.

இதன் உப்பலுக்கு ஈஸ்ட்டும் இல்லை, சோடாவும் இல்லை. பூரி உப்பும் அதே காரணம்தான். புகை வரும்வரை காய்ந்த கொழுப்பில் மாவை ஊற்றியதும் ஓரம் உடனே இறுகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். முட்டைப் புரதமும் மைதாவின் பசைத்தன்மையும் கிழியாமல் இழுபட்டுக்கொடுக்க, மாவு மேலே எழும்புகிறது. பாதியில் அடுப்பைத் திறந்தால் சூடு இறங்கி அமுங்கிவிடும், பூரியில் ஊசி பட்ட மாதிரி. 4 அங்குல உயரம் இல்லாவிட்டால் அது யார்க்‌ஷயர் புட்டிங்கே இல்லை என்று 2008-இல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி என்ற பிரிட்டிஷ் வேதியியல் சங்கம் அறிவித்தது.

சர்க்கரை விலை இறங்க இறங்க இனிப்புப் புட்டிங்குகள் பெருகின. சாப்பாட்டின் முடிவில் வருவது இனிப்புப் புட்டிங் என்றாகி, பிறகு முடிவில் வரும் இனிப்பு எதுவானாலும் புட்டிங் என்றாகிவிட்டது. இன்று இங்கே ஒருவர் "புட்டிங் என்ன?" என்று கேட்டால் ஐஸ்கிரீம் என்று பதில் சொல்லலாம், தப்பில்லை.

முதல்முறை சாப்பிடப் போகிறவர்களுக்கு

பீஸ் புட்டிங்கில் ஆரம்பியுங்கள், அதில் பயப்பட ஒன்றுமில்லை. அடுத்து யார்க்‌ஷயர், நிறைய குழம்போடு. குடல், ஈரல் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு ஹேகிஸ் சிரமமே இல்லை. சைவ ஹேகிஸும் கடைகளில் கிடைக்கிறது, பருப்பும் தானியமும் மிளகுமாக உண்மையிலேயே நன்றாக இருக்கும். கர்ப்பிணிகள் ஹேகிஸைத் தவிர்க்க வேண்டும் என்று இந்நாட்டு மருத்துவத் துறை சொல்கிறது. ஈரலில் வைட்டமின் ஏ அளவு மிக அதிகம், குழந்தைக்கு ஆகாது. பிளாக் புட்டிங்கை மெல்லிய வில்லையாக, ஓரம் மொறுமொறுவென்று வாட்டி, முட்டையோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

என் தம்பி அன்று அந்த இரண்டு வில்லையையும் சாப்பிட்டான். "அம்மா வைக்கிறதுல தேங்காய் இருக்கும், இதுல மிளகு தூக்கலா இருக்கு, அவ்வளவுதான்ணே" என்றான். ஊருக்குப் போன பிறகும் விடவில்லை. போன மாதம் சித்தியின் இட்லித் துணியை எடுத்து க்ளூட்டி டம்ப்ளிங் செய்து பார்த்திருக்கிறான். தோல் அழகாக வந்துவிட்டதாம். உள்ளேதான் கட்டியாக, களி மாதிரி இருந்ததாம். சூயெட் கிடைக்காமல் வெண்ணெய் போட்டானாம். "அது எப்பவோ உருகிப் போயிருக்கும்டா" என்றேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கிட்னியைச் சுற்றியிருக்கும் கொழுப்பைத் தனியாகக் கேட்டு வாங்கி, ஃப்ரிட்ஜில் இறுகவைத்துத் துருவச் சொல்லியிருக்கிறேன்.